கூர்க்கில் சாப்பிட ஒன்றுமே இல்லையாமே!

இது நீளமான பதிவு. கோபத்தில் எழுதுவதால் இன்னும் கொஞ்சம் நீளும். அவசர வேலை இருப்பவர்கள் இப்போதே போய்விடலாம், வருத்தமில்லை.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவிலிருந்து போன வாரம் 36 பேர் குடகுக்குச் சுற்றுலா போய் வந்தார்கள். அபி அருவி, ராஜா சீட், துபாரே யானை முகாம், பைலகுப்பே, தலைக்காவிரி என்று படங்கள் வந்து குவிந்தன. எல்லாம் அழகு. கடைசியில் ஒருவர் இப்படி எழுதினார்: "ஊர் சொர்க்கம்தான். ஆனால் சாப்பிட ஒன்றும் கிடையாது. நம் சமையல்காரரையும் வேனையும் கூட்டிப்போனதால் பிழைத்தோம். அங்கே எல்லாம் பன்னி தின்கிற கூட்டம்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அதில் பாதிப் பேர் என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மதிய டப்பாவைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

அங்கேயே பதில் போட்டிருக்கலாம். போட்டால், "டீச்சர், விளையாட்டுக்குச் சொன்னதுக்கு ஏன் இவ்வளவு?" என்று முடித்துவிடுவார்கள். அதனால் என் பக்கத்தில் எழுதுகிறேன். படிக்க வேண்டியவர்கள் எப்படியும் படிப்பார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பன்றி இறைச்சி சாப்பிட்டதில்லை. எந்த இறைச்சியும் சாப்பிட்டதில்லை. முட்டைகூட வாசல் தாண்டி வராத வீட்டில் பிறந்தவள். ஆகவே என் நாக்குக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, பத்து வருடத்துக்கு முன் இதே குழுவோடு, இதே மாதிரி வேனில், நானும் மடிகேரி போனவள்தான். ராஜா சீட்டுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி, எவர்சில்வர் தூக்கிலிருந்து புளிசாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து "கூர்க் போய் வந்தோம்" என்று சொன்னவள். அப்போது அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் மறுபடி போனோம். விராஜ்பேட்டைக்குப் பக்கத்தில், காப்பித் தோட்டத்துக்கு நடுவில், ஒரு கொடவ வீட்டிலேயே மூன்று நாள் தங்கினோம். அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கன்னடமும் மலையாளமும் கலந்த ஒரு தமிழ் பேசினார். நான் சைவம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னதும் சிரித்துவிட்டார். "மழைக்காலத்தில வந்திருக்கீங்க டீச்சர், உங்களுக்கு என்ன குறை? காடே சமையல்கட்டு" என்றார்.

அந்த மூன்று நாளில் என் தட்டில் வந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். சாப்பிட ஒன்றும் கிடையாது என்று எழுதியவர் கொஞ்சம் உட்கார்ந்தே கேட்கட்டும்.

கடம்புட்டு. பச்சரிசிக் குருணையை உப்புப் போட்டு வெந்நீரில் கிளறி, நெய் தொட்டு உருட்டி, ஆவியில் வேகவைத்த உருண்டை. நம் உப்புக் கொழுக்கட்டைக்குக் கூடப்பிறந்தது. நூப்புட்டு, அதாவது நூல் புட்டு. நம் இடியாப்பம்தான். பாப்புட்டு என்று ஒன்று, பாலும் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டில் வேகவைத்து வில்லை போட்டுத் தருவார்கள். அக்கி ஒட்டி என்பது சோற்றையும் அரிசி மாவையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாகத் தட்டி, கல்லில் போட்டு, பிறகு தணலில் உப்பவைக்கிற ரொட்டி. அதற்கு எள்ளுப் பச்சடி, இல்லாவிட்டால் தோட்டத்துத் தேன். கும்மு என்றால் காளான். மழைக்கு முளைக்கும் காட்டுக் காளானில் ஒரு குழம்பு. பைம்பளே என்பது மூங்கில் குருத்து. அதைச் சீவி, தண்ணீரை மாற்றி மாற்றி ஒன்றிரண்டு நாள் ஊறவைத்துத்தான் சமைக்க வேண்டும். பச்சையாக அதில் நஞ்சும் கசப்பும் உண்டு. அந்தப் பொறுமை இல்லாத ஓட்டல்களில் அது கிடைக்காது. காட்டு மாங்காயை மே, ஜூன் மாதத்தில் உப்பு நீரில் போட்டுவைத்து, மழைக்காலத்தில் எடுத்து, முழுப் பழமாகவே வெல்லமும் மிளகாயும் கடுகும் சேர்த்துக் குழம்பு வைக்கிறார்கள். கொட்டையைச் சப்பிக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அறுபது தாண்டிய பொம்பளை செய்கிற காரியமா என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

எல்லாம் சைவம். ஒன்றுகூட நம் வேனில் இருந்ததில்லை.

நாங்கள் போனது ஆடி என்றேன் அல்லவா? கொடவர் கணக்கில் அது கக்கட மாதம். அவர்களுக்கும் சூரிய மாதம்தான், மலையாளத்தில் கர்க்கடகம் என்பது போல. நாம் ஆடி 18 அன்று காவிரிக் கரையில் பெருக்குக் கொண்டாடுகிறோம். அதே நாள் அவர்களுக்குக் கக்கட பதினெட்டு. அன்றைக்கு மத்து தொப்பு என்ற செடியைப் பறித்து வருகிறார்கள். மத்து என்றால் மருந்து, தொப்பு என்றால் தழை. அந்தப் பதினெட்டாம் நாளில் பதினெட்டு மருந்தும் அதில் கூடி நிற்கும் என்பது நம்பிக்கை. இலையையும் தண்டையும் கொதிக்க வைத்தால் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுகிறது. அதில் அரிசியும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பாயசம். நாங்களும் குடித்தோம். மறுநாள் சிறுநீர் சிவந்து போகும், பயப்படாதீர்கள் என்று அந்த அம்மா முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் வீட்டுக்காரர் டாக்டரைத் தேடி ஓடியிருப்பார்.

நான் பிறந்தது முசிறிப் பக்கம். சிறு வயதிலிருந்து ஆடி 18 அன்று எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவள். இந்த ஆறு புறப்படுகிற மலையில், அதே நாளில், ஒரு பாட்டி தழை பறித்துப் பாயசம் வைக்கிறாள் என்பது எனக்கு அறுபது வயது வரை தெரியாது. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குக் "காவிரி குடகு மலையில் உற்பத்தியாகிறது" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஏதோ சாப்பிடுவார்கள் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் மலை இருந்தது, ஆறு இருந்தது, அணை இருந்தது. அவ்வளவுதான்.

சரி, பன்றிக்கு வருவோம். நண்பர்கள் சிரித்தது அதற்குத்தானே.

பந்தி என்றால் கொடவத் தக்கில் பன்றி. கோழி அங்கே கோளி, மீன் மீன்தான். தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய உறவுள்ள தென் திராவிட மொழி அது. நம் யூடியூப் தம்பிகள் இதைப் "பாண்டிக் கறி" என்று உச்சரித்து, பாண்டிச்சேரியிலிருந்து வந்ததோ என்று கேட்கிறவர்களையும் உருவாக்கிவிட்டார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நாம் சொல்வோம். இரண்டுக்கும் முந்துகிறவர்கள் இந்த மனிதர்கள். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பாவும், பின்னால் ராணுவத் தளபதியான திம்மய்யாவும் இந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். இன்றைக்கும் துப்பாக்கி உரிமம் விஷயத்தில் இவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது என்ற பண்டிகை. நாற்று நட்டு முடிந்த பிறகு ஆயுதங்களுக்குப் பூசை. அன்றைய விருந்து கடம்புட்டும் பந்திக் கறியும். அந்தக் காலத்தில் வேட்டைப் பன்றி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம், அதனால் இப்போது வளர்ப்புப் பன்றி. துப்பாக்கி சுடுவது தென்னை மரத்தில் கட்டிய தேங்காயைக் குறிவைக்கும் போட்டியாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். அவர் சொன்னதையும், அந்த அம்மா அடுப்படியில் காட்டியதையும் வைத்து எழுதுகிறேன். மல்லி, சீரகம், மிளகு, கடுகு, வெந்தயம் எல்லாம் கருகுகிற பதம் வரைக்கும் வறுத்துப் பொடிக்கிறார்கள். தோலும் கொழுப்பும் நீக்காமல் துண்டு போடுகிறார்கள். கடைசியில் ஊற்றுவது கச்சம்புளி. அந்தக் கறுப்பு நிறமும் அந்தப் புளிப்பும் அதிலிருந்துதான். கேரளத்தில் மீன் குழம்புக்குப் போடும் கொடம்புளி இருக்கிறதே, அதே மரத்துப் பழம். மலையாளிகள் தோலைப் புகையில் காயவைக்கிறார்கள். இவர்கள் மழைக்காலத்தில் பழுத்து விழும் பழங்களைக் கூடையில் குவித்து, அடியில் பாத்திரம் வைத்து, நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக வடியும் சாற்றைப் பிடித்து, விறகடுப்பில் மை மாதிரி ஆகும் வரை சுண்டக் காய்ச்சுகிறார்கள். ஒரு கூடைப் பழத்துக்குச் சின்னப் போத்தல்தான் தேறும். வருடக் கணக்கில் கெடாது.

இப்போது சொல்லுங்கள், இதைச் சுற்றுலாக்காரருக்கு அவசரமாகப் போட்டுத் தருகிற கடையில் எங்கே எதிர்பார்ப்பது? மடிகேரி போகிற வழியில் ஒரு பெரிய ஓட்டலில் "அசல் கூர்க்" என்று பலகை போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் அங்கேயும் பந்திக் கறி வாங்கினார். வாயில் வைத்ததுமே "இது நம்ம ஊர்ப் புளி" என்றார். மசாலாக் கடையில் நான் வாங்கிய கச்சம்புளிப் போத்தலும் தண்ணீர் மாதிரி ஓடியது. அந்த அம்மாவிடம் காட்டியபோது, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். கிளம்பும்போது தன் வீட்டுப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார். விலை கேட்டேன், முறைத்தார்.

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். போகிறவன் கோபி மஞ்சூரியன் கேட்கிறான், நார்த் இண்டியன் தாலி கேட்கிறான், நாம் தயிர்சாதமே கையோடு கொண்டுபோகிறோம். கேட்பதைத்தானே போடுவார்கள்? யாரும் கேட்காத சமையல் முதலில் ஓட்டலிலிருந்து போகும், அப்புறம் வீட்டிலிருந்தும் போகும். பிள்ளைகள் எல்லாம் பெங்களூரிலும் வெளிநாட்டிலும். அந்த வீட்டில் பழம் பொறுக்கிச் சாறு வடிக்கிறவர் அந்த அம்மா ஒருவர்தான். அவருக்கு முழங்கால் வலி.

ஆனால் என் கோபம் இதற்காக மட்டும் இல்லை. "பன்னி தின்கிற கூட்டம்" என்ற அந்தச் சொல். ஆசிரியராக இருந்தவர் எழுதிய சொல்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான்காம் வகுப்பில் ஒரு பையன், காலனியிலிருந்து வருவான். ஒரு திங்கட்கிழமை சத்துணவுச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து சின்ன டப்பாவில் முந்தின நாள் கறி கொண்டுவந்திருந்தான். மூடியைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளைகள் "பன்னிடா, பன்னிடா" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தம் போட்ட பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைத்தான் கூப்பிட்டு, "நீ அந்த வேப்பமரத்தடியில போய்ச் சாப்பிடு. இனிமே இதெல்லாம் கொண்டு வராதே" என்றேன். அவன் போனான். சாப்பிடாமல் அடிபம்பில் டப்பாவைக் கழுவினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு அவன் எந்த டப்பாவும் கொண்டு வரவில்லை.

அந்தக் குடகு வீட்டின் கூடத்தில், கோட்டுப் போட்ட ராணுவ அதிகாரிகளின் பழைய படங்களுக்குக் கீழே, பீங்கான் தட்டில் அதே இறைச்சி மரியாதையோடு பரிமாறப்பட்டபோது அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். கொடவர்கள் தங்கள் முன்னோருக்கு, காரணருக்கு, இறைச்சியும் மதுவும் படைக்கிறார்கள். அவர்களே ஐப்பசி பிறக்கும்போது, காவிரி சங்கராந்திக்கு, இறைச்சியைத் தொடாமல் காவிரித் தாயைக் கும்பிட்டு, தோசையும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிடுகிறார்கள். இரண்டும் அவர்களுக்குப் பக்திதான். காலனிக்காரன் தட்டில் இருந்தால் அசிங்கம், காப்பித் தோட்டத்துக்காரன் தட்டில் இருந்தால் பாரம்பரியம், பெங்களூர் ஓட்டலில் மெனு கார்டில் இருந்தால் ஸ்பெஷல் என்று பிரித்துவைத்திருப்பது யார்? நம் குழுவில் சிரித்தவர்களிலேயே இரண்டு பேரின் மகன்கள் "கூர்க் ஸ்டைல் போர்க்" என்று படம் போட்டதற்கு அவர்களே லைக் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தேன். என்ன சார் கணக்கு இது?

குடகைத் தேவலோகமாக்க நான் எழுதவில்லை. அங்கேயும் மேல் கீழ் உண்டு. நான் ருசித்துச் சாப்பிட்ட காட்டுக் காளானைக் காலையில் இலையில் பொதிந்து கொண்டுவந்தவள் ஒரு எரவப் பெண். மூங்கில் குருத்து எங்கே இருக்கும், எந்தக் காளான் விஷம், ஓடை நண்டை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் எரவர், குறுபர் கைவசம் இருக்கும் அறிவு. தலைமுறை தலைமுறையாக எரவர்கள் அந்த வயல்களில் அடிமைப்பட்டுக் கிடந்தார்கள் என்பதும் வரலாறு. அவள் பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "உள்ளே வரமாட்டாளா?" என்று கேட்டேன். "அவளுக்கு அங்கேதான் சௌகரியம்" என்றார் அந்த அம்மா. வேப்பமரத்தடிக்கு அனுப்பிய நான் அதற்குமேல் என்ன கேட்பது? கேட்கவில்லை.

உருப்படியாகச் சில விஷயமும் சொல்லிவிடுகிறேன், அடுத்து போகிறவர்களுக்குப் பயன்படும். குடகு மாவட்டத்துக்கு ரயில் கிடையாது. மைசூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் குஷால்நகர் வழியாக மடிகேரி, அல்லது ஹுன்சூர் வழியாகக் கோணிக்கொப்பல், விராஜ்பேட்டை. மைசூரிலிருந்து மடிகேரி சுமார் 120 கிலோமீட்டர். மடிகேரியில் ரெயின்ட்ரீ, கூர்க் குசீன் என்ற இரண்டு பெயரைப் பல வருடமாகச் சொல்கிறார்கள். அங்கே போனால் மெனுவில் கொடவப் பெயர்களைத் தேடிக் கேளுங்கள். என்னைக் கேட்டால், கொடவக் குடும்பமே தங்கியிருந்து சமைக்கும் ஹோம்ஸ்டேதான் சரி. வெளியூர் முதலாளி வாடகைக்கு எடுத்து, வெளியூர் சமையல்காரரை வைத்து நடத்துவதும் ஹோம்ஸ்டே என்றே பெயர் வைத்துக்கொள்கிறது. ஆகவே போனிலேயே கேட்டுவிடுங்கள்: சமைப்பது யார், கச்சம்புளி வீட்டில் காய்ச்சியதா என்று. என்ன வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூங்கில் குருத்து நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகு ஊறாது. காளானும் குருத்தும் மத்துப் பாயசமும் வேண்டுமென்றால் ஆடி. மழைக்குக் குடை போதாது, ரெயின்கோட் வேண்டும், அட்டைக்கு உப்பும் வேண்டும். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ புத்தரி என்ற அறுவடைப் பண்டிகை. அப்போது கனிந்த வாழைப்பழத்தில் வறுத்த அரிசி மாவைப் பிசைந்து, தேங்காயும் எள்ளும் நெய்யும் சேர்த்துத் தம்புட்டு செய்வார்கள். பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம், நம் குழுவுக்கு ஏற்றது.

சைவக்காரர்கள் "நாங்கள் சைவம்" என்று சொன்னால் போதும். மூக்கைப் பொத்திக் காட்ட வேண்டாம்.

வரும் ஆடியில் மறுபடி ஒரு குடகுப் பயணம் போடலாம் என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. ஏற்பாட்டாளருக்கு என் கோரிக்கை இரண்டு. சமையல் வேன் வேண்டாம். நம்மில் நடக்க முடியாதவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பீர்கள். அவர்கள் சாப்பிடக்கூடிய நூப்புட்டும் கோதுமைக் கஞ்சியும் அங்கேயே கிடைக்கும், நான் பேசி ஏற்பாடு செய்கிறேன். இரண்டாவது, "பன்னி தின்கிற கூட்டம்" என்ற அந்தப் பதிவை எழுதியவரே நீக்க வேண்டும். இரண்டும் நடந்தால் பட்டியலில் என் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் சேர்த்துக்கொள்ளுங்கள், முன்பணம் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். நடக்காவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் மைசூர் பஸ் பிடித்துக்கொள்கிறோம். அந்த அம்மாவுக்குப் போன் செய்து ஆடி 18க்கு வருகிறோம் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.